சன்னல் ஆட வேண்டும்

கமலநாதனுக்கு அறுபது நெருங்குகிறது. முட்டி வலி வந்தாகிவிட்டது, தலைமுடி போயாகிவிட்டது. இந்த வயதில் காருக்குக் கனத்த சத்தம் போடும் பேஸ் ஸ்பீக்கர் ஏற்றப் போகிறேன் என்று அவர் கிளம்பியதைக் கேட்டு, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ரூபேந்திரன் போனிலேயே சிரித்தான்.

"அலமாக், அப்பா! காரோட வந்த ஸ்பீக்கரே போதும்லா. அந்த டும் டும் எல்லாம் பசங்க போடுறது."

சிரிக்கட்டும். அவனுக்கு என்ன தெரியும்? அவன் இந்த உலகத்துக்கு வந்ததற்கே ஒரு வகையில் அந்த டும் டும்தான் காரணம்.

மனைவி செல்வராணிக்குக் காது போய்விட்டது. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் தகடு அடிக்கும் இயந்திரங்களுக்கு நடுவே அரை ஆயுளைக் கழித்தவள். காதில் வைக்கக் கொடுத்த அடைப்பானை, பக்கத்தில் நிற்பவள் சொல்லும் வம்பு கேட்காமல் போய்விடும் என்று பைக்குள்ளேயே வைத்திருந்தாள். வம்பெல்லாம் கேட்டு முடித்தாள். இப்போது எதுவும் கேட்கவில்லை. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தார். "காதுக்குள்ள கொசு பாடுதுங்க" என்று கழற்றிப் போட்டுவிட்டாள். அது குளிர்பெட்டிக்கு மேல், எந்தப் பூட்டுக்கும் சேராத பழைய சாவிகளோடு கிடக்கிறது.

அதுகூடப் பரவாயில்லை. அவர் வேலை முடிந்து மாசாயில் இருக்கும் தன் வரிசை வீட்டுக்கு வருகிற அந்த நேரம்தான் கொடுமை. ஹாரன் அடிப்பார், கேட்டை ஆட்டுவார், "ராணி!" என்று கத்துவார். அண்டை வீட்டு நாய்கூடத் திரும்பிப் பார்க்கும், அவள் பார்க்க மாட்டாள். சமையலறைக்குப் போய்த் தோளைத் தொட்டால் தூக்கிவாரிப் போடும் அவளுக்கு. ஒரு நாள் பருப்புச் சட்டி அப்படியே காலடியில் விழுந்தது.

"ஏங்க, திருடன் மாதிரி வந்து நிக்கிறீங்க!"

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். ஆனால் கை மட்டும் வெகுநேரம் நடுங்கிக்கொண்டிருக்கும். அந்த நடுக்கத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மகன் வாசல் மணியோடு விளக்கு எரிகிற மாதிரி ஒன்றை மாட்டிக் கொடுத்தான். அடுப்பைப் பார்த்து நிற்கிறவளுக்கு முதுகிலா கண் இருக்கிறது? சொந்த வீட்டுக்குள் நுழையவே கமலநாதனுக்குப் பயம் வந்துவிட்டது. பல நாள் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே சும்மா உட்கார்ந்திருப்பார்.

போன மாதம் காது டாக்டர், "கீச்சுன்னு இருக்கிற சத்தம் எல்லாம் போச்சு. கனமான சத்தம் கொஞ்சம் மிச்சம் இருக்கு, அதிர்வு நல்லாவே தெரியும்" என்றார். அதைக் கேட்டதும் கமலநாதனுக்கு, கல்யாணத்துக்கு முன் அவள் குடியிருந்த மாசாய் அடுக்குமாடி வீடு கண்முன் வந்து நின்றது.

அப்போது அவரிடம் ஒரு பழைய சாகா கார் இருந்தது. பின்பகுதி முழுக்க அரிசிப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, அதற்குள் கனத்த சத்தம் எழுப்பும் இரண்டு பெரிய வூஃபர் ஸ்பீக்கர். மாற்று டயருக்கு இடமில்லாமல் அது பின் சீட்டில் பயணி மாதிரி உட்கார்ந்து வரும். செல்வராணி வீடு மூன்றாவது மாடி. கீழே வந்து பாட்டைத் திருப்பிவிட்டால் மேலே சன்னலின் கண்ணாடிப் பட்டைகள் கடகடவென்று ஆடும், அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் கல் உடைக்கிற கல்லுமலை மேல்தான் சந்தேகம். "மலையில வெடி வைக்கிறானுங்க. இந்த நேரத்துல கூடவா!" என்பார் பாவம், ஒரு வருஷம் முழுக்க அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா, குப்பை கொட்டிட்டு வரேன்" என்று அவள் இறங்கி வருவாள். மூன்று பேர் இருக்கிற வீட்டில் அவ்வளவு குப்பை ஏது? பாதி நாள் வெறும் பைதான். காற்றை அடைத்து, முடிச்சுப் போட்டு, கனமாக இருப்பது போலத் தூக்கி வருவாள். அந்தப் பெரிய குப்பைத்தொட்டி ஓரம்தான் அவர்கள் காதலித்த இடம். ஊரில் எல்லாருக்கும் கடற்கரை, இவர்களுக்கு ஈ. ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் அவருக்கு இன்றைக்கும் நெஞ்சு இனிக்கும். மகன் பிறந்ததும் தள்ளுவண்டி வைக்க இடம் வேண்டுமென்று அவரே அந்தப் பெட்டியைக் கழற்றிப் போட்டார்.

ஆகவே ஸ்கூடாயில் கார் ஒலிப்பெருக்கிக் கடை வைத்திருக்கும் ஜீவனிடம் போனார். "நல்ல பேஸ் வேணும் தம்பி" என்று மட்டும் சொன்னார். பொண்டாட்டி கதையைக் கடைக்காரனிடம் சொல்ல வெட்கம். ஜீவன் வேலை தெரிந்தவன். சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் வைத்தான், காற்றுப் புகாத பெட்டியில் வூஃபர் வைத்தான், கதவுகளுக்குள்ளும் பின்மூடியிலும் அதிர்வை அடக்கும் கனத்த தகடு ஒட்டினான். உள்ளே உட்கார்ந்து கேட்டால் மத்தளக்காரன் மடியில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

அன்று மாலை வீட்டு முன்னால் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, ஆசை ஆசையாக உள்ளே ஓடினார். அவள் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். ஒரு தம்ளர் ஆடவில்லை. தோளைத் தொட்டார். கரண்டி பறந்தது.

மறுநாள் மறுபடி ஸ்கூடாய்.

"தம்பி, கழட்டிடு."

"ஏன் அங்கிள், நல்லா இல்லையா?"

"ரொம்ப நல்லா இருக்குலா. அதான் வினை. சத்தம் வெளிய போகணும். வீட்டுச் சன்னல் ஆடணும்."

"அங்கிள், எதுவும் ஆடாம இருக்கத்தான் எல்லாரும் எங்கிட்ட வர்றாங்க!"

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார்: காது, ரசம், கை நடுக்கம், குப்பைப் பை வரைக்கும். ஜீவன் காரின் கதவுகளைத் திறந்தான். பிறகு தான் பார்த்துப் பார்த்து ஒட்டிய தகடுகளைத் தானே உரித்தான். பெட்டியை மாற்றி, முன்னால் பெரிய ஓட்டை வைத்த பழைய மாடல் பெட்டி ஒன்றைப் பொருத்தினான்.

"ஊரே கேக்கும், அங்கிள். ஆனா அசிங்கமா உறுமும். என் கடைப் பேரை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

கமலநாதன் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் பாக் டின்னிடம் முன்கூட்டியே போய் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். தினமும் பாதிப் பாட்டுதான், அதற்கு மேல் இல்லை என்று. பிறகு காரைக் கொண்டுவந்து நிறுத்தி, பாட்டுச் சத்தத்தை முழுசாகத் திருப்பினார்.

பின்மூடி தடதடத்தது. கேட் கொண்டி ஆடியது. வீட்டுச் சன்னலின் கண்ணாடிப் பட்டைகள் அந்தக் காலத்தைப் போலவே கடகடவென்று பேச ஆரம்பித்தன. அவர் இறங்கவில்லை. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதில் அடித்துக்கொண்ட அதே நெஞ்சு அதே மாதிரி அடித்துக்கொண்டது. பல்லவி முடிந்தது. யாரும் வரவில்லை. அவ்வளவுதான் போல என்று கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோனார்.

கதவு திறந்தது.

செல்வராணி வந்தாள். தலையை அவசரமாக வாரியிருந்தாள். கையில் முடிச்சுப் போட்ட குப்பைப் பை. குப்பை லாரி காலையிலேயே வந்து போயிருந்தது. கழுவிக் கவிழ்த்த தொட்டி கேட்டோரம் காய்ந்துகொண்டிருந்தது. பைக்குள் காற்றைத் தவிர ஒன்றுமில்லை. அதைக் கனமாகத் தூக்கிக்கொண்டு காரருகே வந்து, தெருவே கேட்கிற குரலில் கேட்டாள்:

"என்னங்க, மலையில வெடி வைக்கிறாங்களா?"

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பதில் சொன்னாலும் அவளுக்குக் கேட்கப் போவதில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டு இறங்கி, பையை வாங்குகிற சாக்கில் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். கை நடுங்கவில்லை.