ஸ்டார்ட் பட்டன் இல்லாத ரிமோட்

எங்கள் வீட்டு டிவி கேமுக்கு ஒயர் வைத்த ரிமோட் இரண்டு. முதல் ரிமோட்டின் நடுவே ஸ்டார்ட் பட்டன் உண்டு. ஆட்டத்தைத் தொடங்கவும் பாதியில் நிறுத்திவைக்கவும் அதைத்தான் அமுக்க வேண்டும். இரண்டாவது ரிமோட்டில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். செய்தவனுக்கு என்ன கஞ்சத்தனமோ! மொட்டை ரிமோட் எனக்கு, ஸ்டார்ட் பட்டன் அண்ணனுக்கு. வீட்டில் எது வந்தாலும் அப்படித்தான் பிரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஆவடியில் இருந்தோம். அப்பாவுக்கு டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை. கேசட்டில் ஆயிரம் ஆட்டம் என்று அட்டையில் போட்டிருந்தான். போட்டுப் பார்த்தால் அதே ஏழெட்டு ஆட்டம்தான் பெயர் மாறி மாறி வந்தது. எங்களுக்குப் பிடித்தது டாங்கி ஆட்டம். திரையின் கீழே, நடுவில், செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு. அதற்கு இடப்பக்கம் அண்ணன் டாங்கி, வலப்பக்கம் என் டாங்கி. மேலிருந்து வருகிற எதிரி டாங்கிகள் கழுகைச் சுட்டுவிட்டால் ஆட்டம் காலி. அப்பா ஒருநாள் நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாடா இது, டாங்கி சட்டு சட்டுனு திரும்புது? அங்க ஒண்ணத் திருப்பறதுக்குள்ள எங்க தாவு தீந்துடுது!"

ஆட்டம் சூடுபிடிக்கும்போதுதான் தண்ணீர் லாரி வரும். "ஏய், லாரி வந்துகீது பார், கொடத்த எடுத்துகினு ஓடு" என்று அடுப்படியிலிருந்து அம்மா கத்துவாள். அண்ணனை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஆனால் நான் எழுவதற்குள் அண்ணன் ஸ்டார்ட்டை அமுக்கிவிடுவான். நான் குடங்களை நிரப்பி வைத்துவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்தபடி வந்து உட்காரும்வரை திரை அப்படியே நிற்கும். எவ்வளவு நேரமானாலும் தனியாக ஆடமாட்டான்.

ஐடிஐ முடித்த வருஷம் அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. கீழாநெல்லி, பத்தியம், ஆஸ்பத்திரி, மறுபடி வீடு. படுத்தே கிடக்கிறவனுக்குப் பொழுதுபோகட்டும் என்று அம்மா பகலிலும் டிவியைப் போட விட்டாள். நாங்கள் அவ்வளவு விளையாடியது அப்போதுதான். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கொஞ்ச நாளில் அவனால் உட்கார முடியவில்லை. பாயில் ஒருக்களித்துப் படுத்து, ரிமோட்டை நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அவன் டாங்கி தொடங்கிய இடத்திலேயே நின்றது.

"நீ ஆடு. நான் பாத்துகினு கீறேன்" என்றான்.

கழுகையும் அவன் டாங்கியையும் சேர்த்து நான் காத்தேன். ஒரு குண்டும் அவன்மேல் படக்கூடாது என்று எனக்கு ஒரு வெறி. அம்மாவின் குரல் கேட்டால் மட்டும் அவன் கட்டைவிரல் அசையும். திரை நிற்கும். கடைசி நாட்களில் அவனால் முடிந்த வேலை அது ஒன்றுதான்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. எனக்கு அழுகையே வரவில்லை. "பொண்ணுக்குக் கல்லு மனசு" என்று அத்தை என் காதுபடவே சொன்னாள். போடி என்று மனதுக்குள் திட்டினேன்.

கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பியபின், ஒரு மத்தியானம் டிவி கேமை எடுத்து மாட்டினேன். தொடங்குவதற்கு அவன் ரிமோட் வேண்டுமே. இரண்டு பேர் ஆட்டத்தை வைத்து ஸ்டார்ட்டை அமுக்கிவிட்டு, அதைப் பாயில் அவன் இடத்திலேயே வைத்தேன். மொட்டை ரிமோட்டை எடுத்துக்கொண்டேன். கழுகுக்கு இடப்பக்கம் அவன் டாங்கி வந்து நின்றது. பழையபடி இரண்டையும் காத்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஆடினேன்.

"ஏய், லாரி வந்துகீது" என்றாள் அம்மா.

"வரேம்மா" என்று எப்போதும்போல ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படி தாண்டும்போதுதான் காதில் விழுந்தது. உள்ளே குண்டுச் சத்தம் நிற்கவில்லை.

குடம் உருண்டு தெருவுக்குப் போனது. படியிலேயே உட்கார்ந்து, அண்ணா அண்ணா என்று கத்தி அழுதேன்.