பணிஸ் மாவும் காணி உறுதியும்

ஒரு பத்திரிகையாளரை எதற்காக நினைவுகூர வேண்டும்: அவரிடம் கேட்டு வாங்கியதற்காகவா, யாரும் கேளாமல் அவர் எழுதியதற்காகவா? லண்டனின் மிச்சம் பகுதியில் ஒரு தேவாலய மண்டபத்தின் சமையலறையில், முழங்கைவரை மாவில் புதைந்து நின்றபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. யோசிக்க அவகாசம் இருக்கவில்லை. மா நகர்ந்துகொண்டிருந்தது.

நான் சமூகக் கொள்கை படித்துப் பட்டம் பெற்றவள். எதைச் செய்தாலும் அதன் பின்விளைவுகளை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். பணிஸ் விடயத்தில் மட்டும் அந்த வழக்கம் கைகொடுக்கவில்லை.

சென்ற ஆண்டு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இலங்கைத் தமிழ் நாளிதழ்களின் மாதர் பகுதிகளை நடத்திய பெண்களைப் பற்றி ஒரு சிறு நிகழ்வு நடத்த விரும்பினேன். ஆண்கள் நிறைந்த அலுவலகத்தில் ஒரு மூலை மேசை, வாரத்துக்கு ஒரு பக்கம், சொந்தப் பெயருக்குப் பதிலாக 'அக்கா' என்றொரு புனைபெயர். அப்படி வேலை செய்தவர்களில் ஒருவர், தொண்ணூறை நெருங்கும் வயதில், டூட்டிங்கில் மகள் வீட்டில் இருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்று மாலையே போய்க் கதவைத் தட்டினேன்.

வரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"என்னைச் சமையல் அக்கா எண்டு மேடையில ஏத்தக் கூடாது. நான் பத்திரிகைக்காரி. சாகிறதுக்கிடையில ஒருக்காவாவது சனத்துக்கு முன்னால அப்பிடிக் கூப்பிடட்டும்."

"ஓம் அன்ரி," என்றேன்.

நிகழ்வை என்னோடு சேர்ந்து நடத்திய பெண்கள் சங்கத்தின் தலைவியோ வேறு கணக்குப் போட்டார். "பெண் பத்திரிகையாளர் எண்டு நோட்டீஸ் அடிச்சா நீரும் நானும்தான் இருப்பம். அவவின்ர பணிஸ் எண்டு போடும், கதிரை காணாது." இரு பக்கத்து விளைவுகளையும் நிறுத்துப் பார்த்தேன். வெற்று மண்டபமும் அவருக்கு ஓர் அவமதிப்புத்தானே? 'சமையல் அக்காவின் பணிஸ்' என்றே நோட்டீஸ் அச்சாயிற்று.

பணிஸ் என்பது தேநீரோடு தின்னும் இனிப்பான ரொட்டி உருண்டை. பேக்கரியில் வாங்குவதே எங்கள் வழக்கம். சங்கத்தில் எவரும் அதை வீட்டில் செய்ததில்லை. ஆகவே, தலைவியின் தாயார் வெட்டிப் பாதுகாத்திருந்த பத்திரிகைத் துண்டே எங்களுக்கு வேதமானது. நிகழ்வன்று காலை தலைவி அதை உரக்க வாசித்தார். மா, சீனி, ஈஸ்ட், முட்டை எல்லாம் ஒழுங்காக வந்தன. பிறகு: "பிசைந்த மாவை மூடி, வெக்கையான இடத்தில் காலை தொடங்கிப் பொழுது சாயும்வரை வைக்கவும். அதுவரை சும்மா இராமல், தங்கள் சீதனக் காணியின் உறுதிப் பத்திரத்தை எடுத்து, அது எவர் பெயரில் எழுதப்பட்டுள்ளது என்று..."

அவர் நிறுத்தினார். "வேற கட்டுரை வந்து கலந்திட்டுது. அச்சுக்காரன் நித்திரைபோல." அந்த வரிகளைத் தாண்டி, உருண்டை பிடிக்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

"பொழுது சாயும்வரை வைக்கிறதோ?" என்று ஒருத்தி இழுத்தாள்.

"அக்கா எழுதினா விசயம் இருக்கும்."

மண்டபம் கொள்ளும் கூட்டத்துக்கென்று பிசைந்த மாவைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் அமுக்கி மூடி, பொயிலர் இருக்கும் அலுமாரிக்குள் வைத்தோம்.

பிற்பகல் கதிரைகள் உண்மையிலேயே போதாமற்போயின. "எங்கட சமையல் அக்கா," என்று தலைவி ஒலிவாங்கியில் அறிமுகப்படுத்தியபோது முன்வரிசையில் இருந்த அன்ரியின் முகம் சிறுத்ததைக் கண்டேன். அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவர் நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து ஒலிவாங்கியை வாங்கிய வேளையில், சமையலறையில் ஏதோ விழுந்து உருண்டது. தொட்டியின் மூடி.

ஓடிப் பார்த்தோம். அலுமாரிக் கதவைத் தள்ளித் திறந்துகொண்டு, தொட்டியைத் தாண்டித் தரையில் இறங்கி, குளிர்சாதனப் பெட்டியை நோக்கி நிதானமாக ஊர்வலம் போயிற்று மா. அள்ளப் போனவர்கள் அதில் ஒட்டிக்கொண்டார்கள்; அவர்களை இழுக்கப் போனவர்களும் ஒட்டிக்கொண்டார்கள். தலைவியின் தொலைபேசி நழுவி உள்ளே போய், உள்ளிருந்தபடியே அடித்தது.

"என்ர மனுசன்தான். கார் விட இடம் தேடுறார்," என்றார் தலைவி, மாவைப் பார்த்து.

நடைச்சட்டத்தோடு வாசலில் வந்து நின்ற அன்ரி, "இவ்வளவு நேரம் ஏன் வைச்சனீங்கள்?" என்றார்.

"நீங்கள்தானே எழுதினீங்கள்."

"நான் என்னத்தைக் கண்டன்? எனக்குத் தேத்தண்ணி மட்டும்தான் போடத் தெரியும்."

பிறகு கதவு நிலையில் சாய்ந்துகொண்டு விளக்கினார். "விளம்பரம் கூடினா எங்கட பக்கத்தை அடியிலதான் வெட்டுவினம். தொடக்கத்தை ஆசிரியர் வாசிப்பார். சமையல் குறிப்பின்ர நடுவுக்கு ஒரு ஆம்பிளையும் வரமாட்டான். சொல்ல வேண்டியதை நான் அங்கதான் வைச்சனான்."

"அப்ப, பொழுது சாயும்வரை எண்டது?"

"உறுதியைத் தேடி எடுத்து, வாசிச்சு, மனுசனோட சண்டை பிடிச்சு முடிக்க ஒரு பகல் வேணும்தானே. வாக்காளர் இடாப்பில பேர் பாக்கிறதுக்கு அரை மணித்தியாலம் காணும். அதை எழுதின கிழமை வடைக் குறிப்பு."

சிரித்ததில் எனக்கு நிற்க முடியவில்லை. மா தாங்கிப் பிடித்தது. சிரிக்காமல் நின்றவர் தலைவி ஒருவர்தான். தாயார் காலத்திலிருந்து நம்பிவந்த ஒருவர் தம்மை ஏமாற்றிவிட்டதாகச் சினந்து ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அன்ரியும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்ரி," என்றார் தலைவி மெதுவாக. "இஞ்ச வீடு ஆரின்ர பேரில இருக்கெண்டு எப்பிடிப் பாக்கிறது?"

"உமக்குத் தெரியாதோ?"

"கையெழுத்துப் போட்டனான். எதில எண்டு தெரியேல்லை." மாவுக்குள் தொலைபேசி மறுபடி அடித்தது. "இடம் கிடைச்சிட்டுதுபோல. கெதியாச் சொல்லுங்கோ."

அன்ரி ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தார். எப்போது வாங்கியது, வங்கிக் கடனில் எவர் பெயர், கையெழுத்து வாங்கிய அன்று சட்டத்தரணி தனியாகப் பேசினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதில் மழுப்பலாக வந்தால் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார். காணிப் பதிவை ஒன்லைனில் பார்க்கலாம் என்று நான் சொன்னேன். மாவு விரலால் என் தொலைபேசியைத் திறப்பதுதான் பெரும்பாடாயிற்று. அடுத்ததாக ஒருத்தி தன் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது. மண்டபம் காலியாகிச் சமையலறை நிறைந்தது. காரை விட்டுவிட்டு வந்த கணவருக்கு வாசலைத் தாண்ட இடமில்லை.

நன்றியுரையைத் தலைவிதான் சொன்னார், சேலை முழுவதும் மாவோடு. "எங்கட பத்திரிகைக்காரிக்கு நன்றி," என்றார்.

இப்போது சங்கத்தின் செய்தி மடலில் ஒவ்வொரு மாதமும் ஒரு பக்கம் அன்ரியினுடையது. சொந்தப் பெயரில், சமையற்குறிப்பு எதுவும் இல்லாமல் எழுதுகிறார். அன்றுவரை கணவர் பெயரில் மட்டும் இருந்த தலைவியின் வீடு இருவர் பெயரிலும் பதிவாகிவிட்டது.