வாய்வு பிடித்த ரேடியேட்டர்

லா ஷப்பல் வீட்டுக்கு நாங்கள் வந்தபோதே கிழடாகியிருந்த, அறையைச் சூடாக்கும் இரும்பு ரேடியேட்டர் அது. குளிர்காலம் தொடங்கினால் கடமுடா என்று இரையும். மேற்பாதி சூடே ஏறாது. உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்று நான் சொன்ன அன்றே மனைவி நோயைத் தீர்மானித்துவிட்டாள்.

"இதுக்கும் உங்களைப்போலை வாய்வுதான்."

ஆண்டுதோறும் நான் சின்னச் சாவியால் அதன் ஓரத் திருகைத் திறப்பேன். அவள் கீழே கோப்பை பிடிப்பாள். காற்று சீறி அடங்கி, கறுத்த தண்ணீர் சொட்டியதும், "இப்ப சுகம்" என்பாள். எனக்கு எரிச்சல் வரும். என் வயிற்றையும் இரும்பையும் ஒன்றாகவா பேசுவது?

இந்தக் குளிருக்கு அது அடியில் ஒழுகத் தொடங்கியது. குழாய் திருத்துபவர் வந்து பார்த்து, இனிச் சரிவராது என்று கழற்றிவிட்டு, மெல்லிய வெள்ளை ரேடியேட்டர் ஒன்றைப் பூட்டிவிட்டுப் போனார். அதில் சத்தமே இல்லை.

அன்று சாப்பிட்டபின் அதன் பக்கத்தில் இருந்தோம். கடமுடா என்று கேட்டது. அவள் பதறிக் குனிந்து புதியதில் காதை வைத்தாள். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினாள்.

"அதில்லையப்பா. இது நீங்கள்."

எனக்குப் பாலில் அவிக்க, குசினியில் உள்ளிப்பூண்டு உரித்தபடியே சொன்னாள்:

"இதைக் கழட்டி மாத்தேலாது. திருத்தித் திருத்தித்தான் வைச்சிருக்க வேணும்."