கம்பைலர் விழுந்த சனிக்கிழமை

போன சனிக்கிழமை மத்தியானம் தொடங்கிப் பொழுதுபடும்வரை என் மனைவி என்னோடு போனில் கதைத்தாள். காரணம் அன்பு என்று நினைத்தீர்களா? இல்லை... கம்பைலர்!

டெல்பினா நோர்வேயில் வேலை செய்கிறாள். நான் இங்கே ஊரில், பள்ளிமுனையில், வீட்டு மேசையில் இருந்தபடியே ஒரு வெளிநாட்டுக் கம்பனிக்கு ப்ரோக்ராம் எழுதுகிறேன். என் விசா இன்னும் வரவில்லை. முன்பு கொழும்பில் ஒரே ஒபிசில், பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது தினமும் ஒரு போன். அங்கே பனி, இங்கே வெயில்... அதற்கு மேல் என்ன கதைப்பது?

அன்று கம்பைலர் — நாங்கள் எழுதுவதைக் கம்ப்யூட்டருக்கு விளங்குகிற மாதிரி மாற்றித் தருகிற மென்பொருள் — என் கோட் வரிகளை வாசிக்கும்போதே செயலிழந்து விழுந்துவிட்டது. எந்த வரியில் பிழை என்றுகூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலையைக் கையளிக்கவேண்டும். தவறினால் ஒப்பந்தம் நீடிப்பது சந்தேகம் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

டெல்பினாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன கோட் அது?"

"டிரான்ஸாக்‌ஷனல் மெமரி."

"ஐயோ!" என்றாள். அந்த ஐயோவில் சந்தோசம் இருந்தது, நம்புங்கள்.

விஷயம் இதுதான். பல வேலைகள் ஒரே நேரத்தில் ஒரே நினைவகத்தில் கைவைக்கும். குழப்பம் வராமலிருக்கச் சில வரிகளை ஒரு கட்டாகக் கட்டிவிடுவோம். கட்டு முழுதாக நடக்கவேண்டும். இல்லாவிட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரிப் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். பாதியில் நிற்கிற கதையே இல்லை.

"பாதியை வெட்டிப்போட்டு ஓட்டிப் பாருங்கோ" என்றாள்.

வெட்டினேன். விழுந்தது. மிச்சத்திலும் பாதியை வெட்டினேன். விழவில்லை.

"அப்ப வெட்டினதுக்குள்ளதான் கிடக்கு. திரும்பப் போடுங்கோ."

நடுவில் எங்கள் ஊர்க் கோயில் மணி அடித்தது.

"பொறுங்கோ... கதைக்காதேங்கோ. போனை யன்னலடியில வையுங்கோ."

வைத்தேன். மணி அடித்து ஓய்ந்தது.

"டெல்பி, லைனில நிக்கிறீரோ?"

"ஓம், நிக்கிறன். மூக்கடைப்பு."

மூக்கடைத்த குரல் எது, அழுத குரல் எது என்று எனக்குத் தெரியாதா?

வெட்டி வெட்டிக் கடைசியில் சில வரிகள்தான் மிஞ்சின. கட்டுக்குள் ஒரு வரி — பெரிய கோளாறு வந்தால் ப்ரோக்ராமையே நிறுத்திவிடுகிற ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும். அதற்குள் போனால் திரும்பி வருவதில்லை.

வாசித்துக் காட்டியதும் டெல்பினாதான் பிடித்தாள். "இஞ்ச பாருங்கோ, கட்டு எங்க முடியுது எண்டு கம்பைலர் தேடுது. இந்த வழியால போனா முடிவே இல்லை. அதுதான் விழுகுது!"

அந்த வரியைக் கட்டுக்கு வெளியே எடுத்தேன். கம்பைலர் சமர்த்தாக ஓடியது. இருவரும் ஒன்றாகக் கத்தினோம். பக்கத்துக் கதிரையில் இருந்திருந்தால் என் தோளில் ஓர் அடி விழுந்திருக்கும்... தோள் சும்மா இருந்தது.

கம்பைலரின் கோளாறை அவர்களும் திருத்தட்டும் என்று, மிஞ்சிய வரிகளைக் கம்பைலர் செய்கிறவர்களுக்கும் அனுப்பிவைத்தோம்.

"இனி என்ன?" என்றாள்.

"இனி ஒண்டுமில்லை."

"அப்ப வைக்கட்டோ?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். அவளும் வைக்கவில்லை.

"வேற ஏதும் பிழை கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருங்கோவன்" என்றாள், மெதுவாக.

பார்த்தேன். ஒன்றுமே இல்லை.

"கிடக்கு" என்றேன்.