மொட்டைமாடிக்கு எட்டிய குரல்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பதுதான் அவள் வேலை. அங்கே ஒலிபெருக்கி கிடையாது, தேவையும் இல்லை. அவள் வாய் திறந்தால், வெளிவாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட டம்ளரை வைத்துவிட்டு ஓடிவருவார். அதனால் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. ரகசியம் சொல்லக்கூட யாரும் அவளைப் பக்கத்தில் சேர்ப்பதில்லை.

அக்காவின் கொழுந்தன் மனைவி மாடியில் குடியிருந்தாள். அவள் கைக்குழந்தையை அரும்பாடுபட்டுத் தூங்கவைத்த நேரத்தில், அக்கா கீழே யாரையோ கூப்பிட, பிள்ளை வீறிட்டு எழுந்தது. "வீட்டையும் ஆஸ்பத்திரின்னு நெனச்சுட்டீங்களா?" என்று கேட்டுவிட்டாள் சின்னவள். அன்றோடு பேச்சு நின்றது. படியில் எதிரெதிரே வந்தாலும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி போனார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னவளின் தம்பி முதன்முதலாகப் பெரிய ஆட்டமொன்றில் கோல் காக்க நின்றான். டிவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள். அன்றைக்கென்று பார்த்துப் படம் வரவில்லை. வெள்ளையடிக்க வந்தவர்கள் ஏணியைச் சாய்த்ததில் மொட்டைமாடி டிஷ் திரும்பிப்போயிருந்தது. இருவரின் கணவர்களும் லாரியோடு வெளியூரில். மெக்கானிக் போனை எடுக்கவில்லை.

சின்னவள் ஸ்பேனரோடு தானே ஏறினாள். டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்புவாள், இறங்கி ஓடிவந்து திரையைப் பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். முற்றத்திலிருந்து அக்கா இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். 'வாயத் தொறந்து கேட்டா முத்தா உதிர்ந்துடும்' என்று முணுமுணுத்தாள். ஆனால் கால்கள் படியேறிவிட்டன. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு மாடி வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள்.

"இப்பத் திருப்பு."

மேலே ஸ்பேனர் சத்தம் நின்றது.  பிறகு, "என்னக்கா காட்டுது?" என்று வந்தது.

"சிக்னல் பலம்னு போட்ட கோடு நெறைய இருக்கு. தரம்னு போட்டது பூஜ்யம்."

"அப்ப வேற சேட்டிலைட்டப் பிடிச்சிருக்கு. கிழக்குப் பக்கம் தள்றேன்."

"தள்ளிட்டு நில்லு. கோடு நிதானமாத்தான் ஏறுது. உன்ன மாதிரி அவசரக்குடுக்கை இல்ல."

மேலே சிரிப்புச் சத்தம். மடியில் கிடந்த பிள்ளையும் அக்கா கத்தும்போதெல்லாம் கையைக் காலை ஆட்டிச் சிரித்தது.

"ஏறுது... ஏறுது... அட, போச்சு. ஒரு மயிரிழை திரும்பி வா."

"இப்ப?"

"பாதி தாண்டிடுச்சு. இப்ப லேசா நிமித்திப் பாரு."

எதிர்வீட்டுத் தையல்காரர் சன்னலைத் திறந்து, "படம் வந்துடுச்சாம்மா?" என்று விசாரித்தார். தெரு முழுக்கக் காது கொடுத்துக்கொண்டிருந்தது.

"வந்துடுச்சு. மூஞ்சியெல்லாம் தெளிவாத் தெரியுது. அசையாத."

"நட்ட முறுக்கும்போது நகரும்க்கா. கோட்டையே பாருங்க."

கடைசி நட்டும் இறுகியபின், சின்னவள் கையெல்லாம் துருவோடு ஓடிவந்து அக்காவை ஒட்டி உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கியிருந்தது. தம்பி ஒரு கோலை விட்டான். அக்காவுக்குக் கத்தல் தொண்டை வரை வந்தது. பழைய நினைப்பில் விழுங்கிக்கொண்டாள். அடுத்த பந்து மூலையை நோக்கிப் பாய்ந்தது. தம்பி பறந்து தட்டிவிட்டான். சின்னவள் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கத்துங்கக்கா, எதுக்கு அடக்கிட்டிருக்கீங்க?"

அக்கா கத்தினாள். எதிர்வீட்டில் தையல் இயந்திரம் நின்றது. ஆட்டம் சமனில் முடிந்தது. தம்பி கூப்பிட்டபோது இருவரும் ஒரே போனில் காதை ஒட்டிக்கொண்டு, அவனை ஒரு வார்த்தை பேசவிடாமல், அவன் ஆடிய ஆட்டத்தை அவனுக்கே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.