இரண்டு ஊர் ஜெபத்தில் சிக்கிய பர்மிட்

மலேசியாவின் பினாங்கில் கடவுளிடம் கார் நிறுத்த இடம் கேட்கிறார்கள். கேட்டால் கிடைத்தும் விடுகிறது, அதுதான் கூத்து. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு சனிக்கிழமை மாலை, ஜார்ஜ் டவுனில் செல்வி அக்கா வீட்டுத் தெருவைக் காரில் மூன்று முறை சுற்றினோம். செபராங் ஜெயாவிலிருந்து பாலம் தாண்டி வந்திருந்த டேனியல் அண்ணன், "ஆண்டவரே, ஒரே ஒரு பார்க்கிங் லா" என்று இந்த ஊர் 'லா' சேர்த்து வேண்டினார். முன்னால் நின்ற வேன் கிளம்பியது. "ஆமென்!" என்று ஸ்டியரிங்கைத் தட்டினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. என் ஊர் பாளையங்கோட்டையில் நாங்கள் கடவுளைப் பெரிய காரியங்களுக்குத்தான் தொந்தரவு செய்வோம்: பரீட்சை, கல்யாணம், ஆபரேஷன்.

செல்வி அக்கா வீட்டில் கூடுவது ஒரு சின்ன ஐக்கியம், வாராவாரம் சேர்ந்து ஜெபிக்கிற குழு. ஆங்கிலிக்கன் சபையை விட்டுப் போகவும் மாட்டார்கள், வேதத்தை விரித்துவைத்து மணிக்கணக்காகப் பேசாமல் இருக்கவும் மாட்டார்கள். ஞாயிறு ஆராதனையில் ஜெபப்புத்தகம் சொல்கிறபடி ஒழுங்காக உட்கார்ந்து எழுகிற அதே ஆட்கள், இங்கே வந்தால் கைதட்டிப் பாடிக் கூரையைப் பிய்த்துவிடுவார்கள். பிறகு எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். அக்கா அதை நோட்டில் எழுதிக்கொள்வார். யாருக்காவது வேலை போனால் அந்த வாரம் அவர் வீட்டுக்குச் சாப்பாடு போய்ச் சேரும். தனியாக இந்த ஊருக்கு வந்த எனக்குக் காய்ச்சல் வந்தபோதும் கஞ்சி வந்தது.

என் வேலை பர்மிட் முடியப்போகிறது, கம்பெனி நீட்டிக்கக் கேட்டிருக்கிறது என்ற நிலையில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். போனில் அம்மாவின் குரல் கேட்டதும் மனசு இளகி, "ஊருக்கே வந்துடணும்னு ஜெபிங்கம்மா" என்றேன். சனிக்கிழமை செல்வி அக்கா நோட்டைத் திறந்ததும், "பர்மிட் கிடைக்கணும்க்கா" என்றேன். இரண்டுமே சொன்ன நேரத்தில் உண்மை. அம்மாவின் பெண்கள் ஐக்கியம் வியாழன்தோறும் உபவாசம் இருந்தது. இங்கே புதன்தோறும். எனக்காக இரண்டு நாட்டில் பட்டினி கிடந்தார்கள். நான் மட்டும் மூன்று வேளையும் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு இவர்களைப் பார்த்து நன்றி சொல்ல ஆசை. ஒரு சனிக்கிழமை வீடியோவில் இரண்டு ஐக்கியங்களும் கூடின. அங்கே மதிய வெயில், இங்கே மாலை டீ. "அக்கா, சாப்பிட்டாச்சா?" "ஆச்சு லா, நீங்க?" என்று ஒரே ரகளை. இரண்டு ஊர்க்காரர்களையும் சேர்த்துவைத்த பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை, ஜெபக்குறிப்பு சுத்தமாக மறந்துபோயிருந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

"கர்த்தாவே, எம்பிள்ளய கிறிஸ்மஸுக்குள்ள ஊருக்குக் கூட்டிட்டு வந்துரும். அந்த பர்மிட்டு இத்தோட முடியட்டும்."

செல்வி அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஆமென்" என்று முணுமுணுத்தேன். அடுத்தது அக்காவின் முறை.

"ஆண்டவரே, அம்மா கேட்டது எங்களுக்கும் கேட்டுச்சு. ஆனா இந்தப் பொண்ணு எங்ககிட்ட சொன்னது வேற லா. பர்மிட் கொடுங்க ஆண்டவரே, இவ இங்கயே..."

"ஆமென்!"

அக்கா முடிப்பதற்குள் என் வாயிலிருந்து வெடித்துவிட்டது. முதலில் டேனியல் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார், பிறகு எல்லோரும். பாளையங்கோட்டையில் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். "அடிப்பாவி, ரெண்டு பக்கமும் மனு போட்டிருக்கியே!" என்று அக்கா என் முதுகில் ஒன்று வைத்தார். எனக்கு வெட்கமான வெட்கம், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன்.

அம்மாவும் சிரித்தாள். "ஏளா, எனக்குச் சொன்ன ஆமென் போன்ல கேக்கவே இல்லியே. அக்காவுக்குச் சொன்னது கணீர்னு கேட்டுது" என்றாள்.

பிறகு சேலையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி கண்ணை மூடினாள்.

"சரி கர்த்தாவே. பர்மிட்டக் குடுத்துரும்."

அங்கே எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இங்கே எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு மட்டும் வாய் வரவில்லை.