ஆட்டத்தைத் தாங்கும் போன்

ஆர்த்திகாவைப் பத்திச் சொல்லணும்னா அவ அலுப்புல இருந்துதான் ஆரம்பிக்கணும். உசிலம்பட்டிக்காரி. சிம்மக்கல்லுல பாத்திரக் கடைக்கு மேல, செல்போன் விளையாட்டு செய்யிற சின்ன கம்பெனியில நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. தங்குறதும் ஒரே ரூம். மூணு வருசமா அவளுக்கு ஒரே வேலை, தாயம் ஆட்டத்தைப் போன்ல ஆடுற மாதிரி செய்யிறது.

நாலு பேர் எந்த ஊர்ல இருந்தும் ஆடலாம். நடுவுல பெரிய கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஆடுற நாலு போன்ல ஒண்ணு, யார் காய் எங்க இருக்குன்னு கணக்கு வச்சு ஆட்டத்தைத் தாங்கும். அது அத்துப்போனா இன்னொண்ணு, அதான் மாத்துப் போன், உடனே எடுத்துக்கணும். கேக்க லேசாத்தான் இருக்கும், செஞ்சு பாருங்க தெரியும்!

முதல் சோதனையில மானம் போச்சு. எந்தப் போன் வேகமாப் பதில் சொல்லுதோ அதுதான் மாத்துப் போன்னு எழுதியிருந்தா. வேகமாப் பதில் சொன்னது யாரு? ஆட்டத்தைத் தாங்குன அவ அம்மா ராமக்காளுக்கு எதிர்வீட்டுச் சித்தி. உசிலம்பட்டியில கரண்ட் போயி டவர் படுத்துச்சு. ரெண்டு போனும் ஒண்ணாப் போச்சு. திருப்பரங்குன்றத்துல இருந்து ஆடுன முதலாளி ஹரிஷங்கர் சாரு, அசையாத கட்டத்தையே அரைமணி நேரம் பார்த்துட்டு, "இன்னும் ஒரு தடவைதாம்மா. அதுவும் கலைஞ்சா இதை மூடிருவோம்"னாரு.

மாத்துப் போன் வேற ஊர்லதான் இருக்கணும்னு திருத்தி எழுதினா. ஒரு மாசம். கண்ணுக்குக் கீழ கறுத்தே போச்சு. சோதனை அன்னைக்கு ஆட்டம் நின்னா சரிபண்ண ஆபீஸ்ல ஆள் வேணும். "எனக்கு ஏதாச்சும்னா நீ பார்த்துக்கடி செல்வி"ன்னு என்கிட்ட சொல்லி வச்சா.

அன்னைக்கு அவளுக்குக் காய்ச்சல். எனக்கும்தான்! ஒரே ரூம், ஒரே கொசு. போனுக்கு வேற ஊர் பார்த்தவ, தனக்கு மாத்தா பக்கத்துப் பாயில இருக்கவளை வச்சிருக்கா. கூறுகெட்டவளேன்னு திட்டக்கூட எனக்குத் தெம்பில்ல. படுத்தபடியே போன்ல ஆட்டத்தைப் பார்த்தோம்.

பத்தரைக்கு உசிலம்பட்டி டவர் போச்சு. அப்ப ஆட்டத்தைத் தாங்குனது ராமக்காள் போன். ஆர்த்திகா என் கையை நெரிச்சா. திருப்பரங்குன்றத்துப் போன் எடுத்துக்கிச்சு. ஆட்டம் நிக்கல.

மத்தியானம் ராமக்காள் பேசினாங்க. "நல்லாத்தான் இருக்கு தாயி. நடுவுல சிக்னல் போயி வந்துச்சு, என் காயெல்லாம் வச்ச எடத்துலயே இருந்துச்சு. நான்தான் ஜெயிச்சேன்." அப்புறம், "ஆமா, மூணு வருசமா இதுல நீ என்னதான்டி செஞ்ச?"

"அதத்தாம்மா செஞ்சேன்"னு சொன்னா ஆர்த்திகா. போனை வச்சிட்டுச் சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்து அழுதா.